தாடை வலிக்கு வெற்றிலை மருந்தாகுமா?

(தோட்டக் குடும்பங்களுக்கான சுகாதாரக் கூட்டமொன்றில் மாத்தளை மாவட்டத் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)

 

மலையிலிருந்து இறங்கி, கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, முகம் கழுவிய கையோடு இங்கே வந்திருக்கிறீர்கள். வீட்டிலே அடுப்பு மூட்ட வேண்டும், பிள்ளைகளுக்கு ரொட்டி தட்ட வேண்டும். அது எங்களுக்குத் தெரியும். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். இன்றைக்குப் பேசப் போவது தாடை வலியைப் பற்றி.

இதென்ன பெரிய நோயா, இதற்கொரு கூட்டமா என்று சிலர் நினைக்கலாம். லயத்துப் பக்கம் வரும்போதெல்லாம் நாங்கள் கேட்கிற பேச்சு இதுதான்: "தாடை இழுக்குதுங்க", "கன்னம் வீங்கிப் போச்சு", "காதோட சேர்த்துக் குத்துது". டிஸ்பென்சரிக்குப் போனீங்களா என்று கேட்டால், "ஒரு வாய் வெத்தலை போட்டா மரத்துப் போயிரும்" என்று பதில் வரும். அந்தப் பதிலுக்காகத்தான் இந்தக் கூட்டம். புகையிலையும் சுண்ணாம்பும் பட்ட இடம் கொஞ்ச நேரம் மரத்த மாதிரி இருக்கும், உண்மை. ஆனால் உள்ளே இருக்கிற நோய் அப்படியே இருக்கும். சில பேருக்கு அந்த வெற்றிலை பாக்கே நோய்க்குக் காரணமாக இருக்கும்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பல், ஈறு, தாடை, கன்னம், காதின் முன்பக்கம் இவை எல்லாவற்றுக்கும் உணர்ச்சி கொடுப்பது பெரும்பாலும் ஒரே நரம்பின் கிளைகள். ஆகையால் கீழ்க் கடவாய்ப் பல் சொத்தையானால் காது வலிப்பது போல இருக்கும். காதிலே சீழ் பிடித்தால் தாடை வலிப்பது போல இருக்கும். மூக்கின் இரு பக்கத்திலும் சளி கட்டிக்கொண்டால் மேல் பற்கள் எல்லாம் ஒன்றாக வலிக்கும். வலிக்கிற இடம் ஒன்று, நோய் இருக்கிற இடம் இன்னொன்று. "எந்தப் பல்லுன்னே தெரியலைங்க" என்று நீங்கள் சொல்வது இதனால்தான். அது உங்கள் பிழை அல்ல.

தாடை வலி என்று வருகிறவர்களில் அதிகம் பேருக்குக் காரணம் பல்லும் ஈறும்தான். சொத்தை ஆழமாகப் போய் நரம்பைத் தொட்டால் இரவில் தூங்க விடாது. வேரின் அடியில் சீழ் கட்டினால் கன்னம் வீங்கும், கடித்தால் உயிர் போகும். பதினேழு பதினெட்டு வயதுக்குப் பிறகு கடைசிக் கடவாய்ப் பல் முளைக்கும்போது, இடம் போதாமல் பாதி ஈறுக்குள்ளேயே நின்றுகொண்டால், அந்த ஈறு வீங்கி வாயைத் திறக்கவே கஷ்டமாகிவிடும். இளவட்டங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஈறு நோய் வேறு மாதிரி. அது வலிக்காமலே வேலையைச் செய்யும். இதற்குச் சாட்சி சொல்ல வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. நம்மைப் போன்ற தோட்டத் தொழிலாளர்களே சாட்சி. நுவரெலியா மாவட்டத்தில் பூண்டுலோயாப் பக்கம் டன்சினன், ஹெரோ என்று இரண்டு தேயிலைத் தோட்டங்கள் இருக்கின்றன. 1970ஆம் ஆண்டில் ஹரால்ட் லோ என்ற நோர்வே நாட்டுப் பல் வைத்தியப் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் அங்கே வந்து 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்தார்கள். 1985 வரை திரும்பத் திரும்ப வந்து அதே ஆட்களைப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பல் துலக்கும் வழக்கமும் இல்லை, பல் வைத்தியமும் கிடைத்ததில்லை. முடிவு 1986இல் வெளியானது. ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பேருக்கு ஈறும் எலும்பும் வேகமாகக் கரைந்தன. அந்த எட்டுப் பேர் நாற்பத்தைந்து வயதுக்குள் அநேகமாக எல்லாப் பற்களையும் இழக்கிற நிலைக்கு வந்துவிட்டார்கள். எண்பத்தொரு பேருக்கு நிதானமாகக் கரைந்தது. மிச்சம் பதினொரு பேருக்கு மேற்கொண்டு ஒன்றும் ஆகவில்லை.

உலகம் முழுக்கப் பல் வைத்தியம் படிக்கிற மாணவர்கள் இன்றைக்கும் இந்தக் கணக்கைப் படிக்கிறார்கள். நம்முடைய ஆட்களின் வாயை வைத்துத்தான் இந்தப் பாடத்தை உலகம் கற்றது என்பது எங்களுக்கு ஒரு பக்கம் பெருமையாகவும் இன்னொரு பக்கம் வருத்தமாகவும் இருக்கிறது. இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. அந்த ஆட்களுக்குச் சொத்தைப் பல் அநேகமாக இருக்கவில்லை, ஈறுதான் போனது. இன்றைக்கு நம் பிள்ளைகளுக்கு இரண்டும் சேர்ந்து வருகிறது. டொபி, பிஸ்கட், சீனி போட்ட தேத்தண்ணி என்று நாளுக்குப் பத்துத் தடவை வாயில் இனிப்புப் போனால் எந்தப் பல்தான் தாங்கும்? ஆகவே காலையில் ஒரு தடவை, இரவு படுக்கப் போகும்போது ஒரு தடவை, ஃபுளோரைட் உள்ள பற்பசை போட்டுத் துலக்குங்கள். கரியும் செங்கல் தூளும் வேண்டாம், பல்லைத் தேய்த்துவிடும்.

இனி பல் சம்பந்தமில்லாத வலிகளுக்கு வருவோம். காதுக்கு முன்னால் விரலை வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். ஒரு பொருத்து அசைவது தெரியும். அதுதான் தாடை மூட்டு. இரவில் பல்லை நறநறவென்று கடிக்கிறவர்கள், மனக்கஷ்டத்தில் பகலெல்லாம் பல்லை இறுக்கிக் கடித்துக்கொண்டே இருக்கிறவர்கள், ஓயாமல் ஒரே பக்கம் மெல்லுகிறவர்கள், இவர்களுக்கு இந்த மூட்டும் கன்னத்துச் சதையும் நோகும். திறக்கும்போது 'டக்' என்று சத்தம் கேட்கும். காலையில் எழும்பும்போது தாடை விறைத்திருக்கும். இதற்குப் பயப்பட வேண்டாம். சில நாள் மெதுவான சாப்பாடு சாப்பிடுங்கள். வெந்நீரில் பிழிந்த துணியைக் கன்னத்தில் வையுங்கள். கொட்டாவி விடும்போது நாடியைக் கையால் தாங்கிக்கொள்ளுங்கள். முக்கியமாக வெற்றிலையையும் சூயிங் கம்மையும் நிறுத்துங்கள். அசைபோட்டுக்கொண்டே இருந்தால் நொந்த மூட்டு எப்படி ஆறும்? கழுத்துச் சதை இறுகினாலும் தாடை சேர்ந்து நோகலாம். தலையில் கயிறு போட்டுக் கூடை சுமக்கிற அக்காமார் கழுத்தும் தாடையும் சேர்ந்து வலித்தால் டொக்டரிடம் கூடையைப் பற்றியும் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

பிள்ளைக்குக் காய்ச்சலோடு இரண்டு கன்னமும் காதுக்குக் கீழே வீங்கினால் கூகைக்கட்டாக இருக்கலாம். 2011 முதல் நம் நாட்டில் இதற்கும் சேர்த்து எம்.எம்.ஆர். தடுப்பூசி போடுகிறார்கள். பிள்ளையின் கார்டைப் பார்த்து, விடுபட்டிருந்தால் மருத்துவமாதுவிடம் கேளுங்கள்.

நடுவயதைத் தாண்டிய சிலருக்கு இன்னொரு வலி வரும். முகம் கழுவும்போது, பல் துலக்கும்போது, ஏன், காற்றுப் பட்டால்கூட, கரண்ட் அடித்த மாதிரி சுரீர் என்று தாடையில் ஓடி, சில விநாடியில் நின்றுவிடும். அது நரம்பு வலி. பல்தான் காரணம் என்று எண்ணி நல்ல பல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். பிடுங்கினாலும் வலி போகாது. அதற்குத் தனி மருந்து இருக்கிறது.

இப்போது நாங்கள் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டோம். உங்களில் ஒவ்வொருவரும் இப்பவே ஒரு காரியம் செய்யுங்கள். வெட்கப்பட வேண்டாம். வாயைப் பெரிதாகத் திறந்து, உங்கள் கையின் நடு மூன்று விரல்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தி, மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவே வைத்துப் பாருங்கள். மூன்று விரலும் போகிறதா? போனால் நல்லது. இரண்டுதான் போகிறது, ஒன்றுதான் போகிறது என்றால், அதுவும் நீங்கள் வெற்றிலை பாக்குப் போடுகிறவராக இருந்தால், பல் டொக்டரைப் பார்க்காமல் இருக்கக் கூடாது.

காரணம் இதுதான். பாக்கை வருஷக்கணக்காகப் போட்டு வந்தால் கன்னத்தின் உட்தோல் மெல்ல மெல்ல இறுகும். முதலில் மிளகாய் பட்டால் எரியும். சம்பலைத் தொட முடியாது. பிறகு உள்ளே வெளிறிப் போகும், தடவினால் கயிறு மாதிரி தடிப்புத் தெரியும். அப்புறம் வாய் திறக்காது. தாடை இழுக்குது என்று சொல்லுகிறவர்களில் சிலருக்கு இருப்பது இதுதான். 1952இல் கிழக்கு ஆபிரிக்காவில் குடியிருந்த இந்தியப் பெண்களிடம் இதைக் கண்டு வைத்தியர் ஒருவர் எழுதி வைத்தார். கடல் கடந்து போன இடத்துக்கும் பாக்கு கூடவே போயிருக்கிறது. இறுகின தோல் பழையபடி இளகுவது அரிது. ஆனால் பாக்கை நிறுத்தினால் மேலும் இறுகுவதைத் தடுக்கலாம். வாயைத் திறக்கப் பயிற்சியும் மருந்தும் கொடுப்பார்கள். இப்படி இறுகின வாயில் பிறகு புற்றுநோய் வரக்கூடும் என்பதால் தொடர்ந்து கிளினிக் போக வேண்டும்.

"நான் பொயிலை போடுறதில்லைங்க, வெறும் பாக்குத்தான்" என்பார்கள். புகையிலை சேர்ந்த வெற்றிலைக் கூட்டு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1985இலேயே சொல்லிவிட்டது. 2003இல் நிபுணர்கள் மறுபடி கூடி, புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு தன்னாலேயே புற்றுநோய் உண்டாக்கும் என்று முடிவு செய்தார்கள். நம் நாட்டு ஆண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் பல வருஷங்களாக முன்வரிசையில் இருக்கிறது. மெல்லுகிற புகையிலைச் சரக்குகளின் விற்பனையை அரசாங்கம் 2016இல் தடை செய்தது. ஆனாலும் கடைக்காரர் பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுக்கிற பக்கற்றுகள் இருப்பதை நீங்களும் அறிவீர்கள், நாங்களும் அறிவோம். இளம் பிள்ளைகள் கையில் அதைக் கண்டால் பேசாமல் இருக்காதீர்கள்.

வெற்றிலைத் தட்டை நாங்கள் குறை சொல்லவில்லை. கல்யாணத்துக்கும் காரியத்துக்கும், முத்துமாரியம்மன் மாசித் தேருக்கும் தட்டு வைக்கத்தான் வேண்டும். அது மரியாதை. தட்டிலே இருக்கட்டும், வாய்க்குப் போக வேண்டாம் என்றுதான் சொல்கிறோம். மலையிலே குளிருக்கும் பசிக்கும் களைப்புக்கும் அதுதானே துணை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒரே நாளில் விட முடியாதவர்கள் முதலில் புகையிலையை விடுங்கள், வாயில் ஒதுக்கிக்கொண்டு தூங்குவதை விடுங்கள், பிறகு பாக்கையும் விட்டுவிடுங்கள். பாதியில் நின்றுவிடக் கூடாது. விட நினைக்கிறேன் என்று டிஸ்பென்சரியில் சொன்னால் உதவி செய்வார்கள்.

வாய்ப் புற்றுநோயில் மோசமான விஷயம், ஆரம்பத்தில் அது வலிக்காது. ஒரு சின்னப் புண், தேய்த்தாலும் போகாத ஒரு வெள்ளைப் படை, அல்லது சிவப்புப் படை. சிவப்பைக் கண்டால் இன்னும் சீக்கிரம் போக வேண்டும். வலி வந்து, தாடை இழுத்து, கழுத்தில் கட்டி தெரிந்த பிறகு போனால் வைத்தியம் பெரிதாகிவிடும். ஆகையால் மாதம் ஒரு தடவை கண்ணாடியும் டோர்ச் லைட்டும் வைத்துக்கொண்டு பாருங்கள். உதட்டின் உள்பக்கம், இரு கன்னம், ஈறு, நாக்கின் இரு ஓரம், நாக்குக்கு அடியில், மேலண்ணம். கண் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம். இரண்டு வாரத்தில் ஆறாத எந்தப் புண்ணானாலும், வலித்தாலும் வலிக்காவிட்டாலும், காட்ட வேண்டும். சாதாரண சுகாதார ஊழியர்களுக்குக் கொஞ்சம் பயிற்சி கொடுத்தாலே இந்த நோயை முன்கூட்டிக் கண்டுபிடிக்க முடியும் என்று நம் நாட்டிலேயே செய்து பார்த்து, 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் எழுதினார்கள். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. மேற்கொண்டு போய்க் காட்டுங்கள் என்று அனுப்பினால் பலர் போகாததுதான் கஷ்டம்.

ஏன் போவதில்லை? ஒரு நாள் பேர் போய்விடும் என்ற கவலை. அது சின்னக் கவலை அல்ல. அந்த ஒரு நாள் சம்பளத்தில்தான் வீட்டில் மாவும் பருப்பும் வாங்க வேண்டும். இருந்தாலும் கணக்கைப் பாருங்கள். சீழ் கட்டிய பல்லோடு படுத்தால் ஒரு கிழமை பேர் போகும். பயமும் ஒரு காரணம். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்பார்கள். அப்படி ஒன்றும் கிடையாது. சதையை வெட்டிச் சோதித்தால் புற்றுநோய் பரவிவிடும் என்பார்கள். அதுவும் பொய். அந்தச் சோதனை இல்லாமல் என்ன நோய் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

இனி எதற்கு எவ்வளவு அவசரம் என்பதைச் சொல்கிறோம். சில தாடை வலிக்கு ஒரு மணித்தியாலம்கூடக் காத்திருக்கக் கூடாது. நெஞ்சு இறுக்கி, வியர்த்து, மூச்சு வாங்கி, அந்த வலி கையிலும் தாடையிலும் ஏறினால் அது மாரடைப்பாக இருக்கலாம். பெண்களுக்கும் சீனி வருத்தக்காரர்களுக்கும் நெஞ்சு அவ்வளவு வலிக்காமல், தாடையும் முதுகும் வலித்து, வாந்தியும் களைப்புமாக வருவதுண்டு. மலை ஏறும்போது தாடை வலித்து, உட்கார்ந்தால் நிற்கிறதா? அதுவும் இருதயத்தின் எச்சரிக்கையாக இருக்கலாம். அன்றைக்கே காட்டுங்கள்.

பல் வீக்கம் தாடைக்குக் கீழே தொண்டைப் பக்கம் இறங்கி, எச்சில் விழுங்க முடியாமல் வழிந்து, மூச்சுத் திணறினால் அதுவும் உயிர் போகிற அவசரம். காய்ச்சலோடு வீக்கம் கண்ணுக்கு ஏறினாலும் அப்படித்தான். கவ்வாத்துக் கத்தியோ முள்ளோ குத்தி, சில நாளோ சில வாரமோ கழித்து வாய் பூட்டிக்கொண்டால் அது ஏற்பு வலி, டெட்டனஸ் என்பது. காயம் ஆறியிருந்தாலும் வரும். ஆகவே மண்ணும் சாணியும் பட்ட காயத்துக்கு அன்றே ஊசி பற்றிக் கேளுங்கள். விழுந்தோ அடிபட்டோ பற்கள் முன்போலப் பொருந்தாவிட்டால் எலும்பு முறிந்திருக்கலாம். கொட்டாவி விட்டுத் திறந்த வாய் மூடாவிட்டால் யாரையும் பிடித்துத் தள்ள விடாதீர்கள், வைத்தியசாலைக்குப் போங்கள். இந்த அவசரங்களுக்கு 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. கையடக்கத் தொலைபேசிக்குச் சிக்னல் கிடைக்காத மலையிலே இருப்பவர்கள் ஒருவரைச் சிக்னல் உள்ள இடத்துக்கு ஓட விட்டு, தோட்டத்து வாகனத்தையும் உடனே கேளுங்கள்.

மற்ற வலிகளுக்கு, அதாவது இரவு தூங்க விடாத பல் வலி, கன்ன வீக்கம், சீழ், வாய் திறக்கக் கஷ்டம், இவற்றுக்கு ஓரிரண்டு நாளுக்குள் போனால் போதும். அதுவரை என்ன செய்யலாம்? வெதுவெதுப்பான உப்புத் தண்ணியில் வாய் கொப்புளிக்கலாம். பெரியவர்கள் பனடோல் ஒரு தடவைக்கு இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு முறை போடலாம். ஒரு நாளைக்கு எட்டைத் தாண்டக் கூடாது. குடிப்பழக்கம், ஈரல் வருத்தம் உள்ளவர்களும் மெலிந்த உடம்புக்காரர்களும் கேட்டுத்தான் போட வேண்டும். மாத்தளையில் கிராம்புக்குப் பஞ்சமில்லை. ஒரு கிராம்பை வலிக்கிற பல்லருகே வைத்தால் கொஞ்சம் மரத்துப் போகும். அதில் பெரிய தீங்கில்லை. ஆனால் பல் ஆறிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். வீக்கத்தின் மேல் சூட்டு ஒத்தடமும் பற்றும் வேண்டாம். மாத்திரையை ஈறில் ஒதுக்கி வைக்காதீர்கள், புண்ணாகிவிடும். பக்கத்து வீட்டில் மிச்சமிருந்த காப்ஸ்யூலை வாங்கி விழுங்காதீர்கள்.

கர்ப்பிணித் தாய்மார் பல் வைத்தியத்துக்குப் பயப்படத் தேவையில்லை. மாதக் கணக்கைச் சொல்லிவிட்டு வைத்தியம் செய்துகொள்ளலாம். சீனி வருத்தக்காரர்கள் ஈறில் ரத்தம் கண்டால் தள்ளிப் போடக் கூடாது.

முதலில் தோட்ட டிஸ்பென்சரியில் காட்டித் துண்டு வாங்கிக்கொள்ளுங்கள். அங்கிருந்து கிட்ட உள்ள அரசாங்க வைத்தியசாலையின் பல் கிளினிக்குக்கோ மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ போகலாம். பெரிய விஷயமென்றால் பேராதனை பல் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். பழைய கார்டுகளையும் குடிக்கிற மருந்துகளையும் கையோடு கொண்டு போங்கள். வெற்றிலை போடுகிறதை மறைக்காதீர்கள். எத்தனை வருஷம், நாளுக்கு எத்தனை வாய் என்று உள்ளபடி சொல்லுங்கள்.

நம்மில் அநேகருக்குச் சிங்களம் பேச வரும். வராத பெரியவர்கள் மூன்று வார்த்தையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தாடை வலிக்கிறது என்பதற்கு 'ஹக்க ரிதெனவா'. வாய் திறக்க முடியவில்லை என்பதற்கு 'கட்ட அரின்ன பே'. வாயில் புண் என்பதற்கு 'கட்டே துவாலயக்'. இந்த மூன்றையும் ஒரு துண்டில் எழுதி பிள்ளைக் காம்பரா வாசலில் ஒட்டி வைத்திருக்கிறோம். இப்போது மூன்று விரல் போகாதவர்கள் எழும்பிப் போகும்போது எங்களிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். கேள்வி இருக்கிறவர்கள் கேட்கலாம்.